எந்த டோன் வருகிறது?

இன்டர்காம் வேறு, ஈ.பி.ஏ.பி.எக்ஸ். வேறு. ஆபீசுக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மட்டும் இருப்பது இன்டர்காம். வெளியிலிருந்து வரும் லைன்களை வாங்கி, உள்ளே இருக்கிற மேஜைகளுக்கெல்லாம் பங்கு போட்டு, யார் வெளியூருக்கு எஸ்.டி.டி. பேசலாம், யார் லோக்கலோடு நிற்கவேண்டும் என்று காவலும் இருந்து, பேசிய ஒவ்வொரு காலுக்கும் கணக்கு வைத்திருப்பது ஈ.பி.ஏ.பி.எக்ஸ். இந்த வித்தியாசம் ஊருக்கே தெரியும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

சமீபத்தில் சென்னை பெசன்ட் நகரில் ஓர் ஆபீசில், நான் போட்ட ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியைக் கழற்ற என்னையே கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக இன்டர்நெட் போன் போட வந்திருந்த பையன் சுவரைக் காட்டி, "அங்கிள், அந்த இன்டர்காம் டப்பாவ மட்டும் எடுத்துடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராதவர்கள்மேல்தான் கோபம். பெட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். அதுவே நான் செய்த கடைசி வேலை. இனி யார் கூப்பிட்டாலும் போவதாக இல்லை. ஆனால் சில பெயர்களையும் அவற்றின் பின்னால் இருக்கிற வேலையையும் யாராவது எழுதி வைக்கவேண்டும்.

எங்கள் வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில். ஒரு பக்கம் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரமும் 1977இல் உடைந்த பாலமும், இன்னொரு பக்கம் எலியட்ஸ் பீச், முதுகுப் பக்கம் தியசாபிகல் சொசைட்டியின் மரங்கள். அப்பா கட்டுமரத்தில் போனவர். அந்தச் சொசைட்டியின் கர்னல் ஒல்காட் 1894இல் ஆரம்பித்து வைத்த பள்ளியில் நான் படித்தேன், பிறகு கிண்டி ஐ.டி.ஐ. அந்த நாளில் குப்பத்தில் யார் வீட்டிலும் போன் கிடையாது. அவசரத்துக்குக் கடைக்காரர் நம்பரைக் கொடுப்போம், பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதி. போன் வந்தால் கடைப் பையன் ஓடிவந்து கூப்பிடுவான். நாம் போய்ச் சேரும்வரை அந்தப் பக்கம் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

1984இல், நம் ஊருக்கு ஏற்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்சை இங்கேயே உருவாக்க சி-டாட் என்கிற அரசு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அதே வருடம், டெலிபோன் கருவிகளைத் தனியாரும் செய்யலாம் என்று அரசாங்கம் வழிவிட்டது. சி-டாட்டின் பின்னால் இருந்த சாம் பிட்ரோடாவின் பெயர் பேப்பரில் அடிக்கடி வந்த காலம். கிராமங்களுக்கு 128 லைன் எக்ஸ்சேஞ்ச் போய்ச் சேர்ந்ததைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். நகரத்து ஆபீஸ்களுக்குள் நடந்ததை யாரும் எழுதவில்லை. ஓ.ஒய்.டி. என்கிற முன்னுரிமைத் திட்டத்தில் டெபாசிட் கட்டிவிட்டுக் காத்திருந்தாலும் புது லைன் கிடைக்காத காலம் அது. கையில் இருப்பதோ இரண்டு லைன், போன் வேண்டிய மேஜையோ பத்து. மயிலாப்பூரின் வக்கீல் ஆபீஸ்களும் அடையாற்றின் கிளினிக்குகளும் தி.நகரின் கடைகளும் பெட்டி வாங்க ஆரம்பித்ததற்கு இந்தப் பஞ்சம்தான் காரணம். நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த அலையில்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். டெலிபோன் டிபார்ட்மென்டில் டெஸ்ட் டெஸ்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். லஸ்ஸில் எங்கள் முதலாளியின் கடையில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஏணி ஏற உடம்பு இடம் கொடுக்காது. யாராவது போன் செய்து "லைன் டெட்" என்றால் ரிசீவரை அவரிடம் கொடுத்துவிடுவோம். அவர் கேட்பது ஒரே கேள்வி.

"எந்த டோன் வருது?"

"டோனே இல்ல சார்."

"எப்ப இல்ல? ரிசீவரை எடுத்ததுமா, ஜீரோ போட்ட பிறகா?"

அந்த இரண்டாவது கேள்வியிலேயே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். ரிசீவரை எடுத்ததும் வருவது பெட்டி தருகிற டோன். ஜீரோவோ ஒன்பதோ அழுத்தியபின் வருவது எக்ஸ்சேஞ்ச் தருகிற டோன். முதல் டோன் இல்லையென்றால் மேஜைக்கும் பெட்டிக்கும் நடுவில் தேடவேண்டும்: போன், ரோசெட், உள் வயரிங், க்ரோன் இணைப்புப் பட்டை, எக்ஸ்டென்ஷன் கார்டு. முதல் டோன் வந்து இரண்டாவது வராவிட்டால் ட்ரங்க் கார்டிலிருந்து வெளியே போகவேண்டும்: டிபார்ட்மென்டின் டி.பி. பாக்ஸ், தெருவோர பில்லர், எக்ஸ்சேஞ்ச். கடையில் உட்கார்ந்தபடி மாஸ்டர் இதைப் பிரித்துச் சொல்லிவிடுவார். நாங்கள் எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறவேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிடும்.

"ஒவ்வொரு ஜாயின்ட்லயும் டோன் குடுக்கறவன் ஒருத்தன், வாங்கறவன் ஒருத்தன். யார் குடுக்கறான், யார் வாங்கறான்னு தெரியாம வயரைத் தொடாதே" என்பார். இந்தத் தொழிலைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

டோனைக் காதால் பிரித்தறியப் பழக்கினார். நம் எக்ஸ்சேஞ்ச் டோன் 400 ஹெர்ட்ஸ். அதன்மேல் 25 ஹெர்ட்ஸ் ஏறியிருப்பதால் அதிர்ந்து அதிர்ந்து வரும். பல வெளிநாட்டுப் பெட்டிகளின் டோனில் அந்த அதிர்வு இராது, நேராக வரும். காது பழகினால் மீட்டர் எடுக்காமலே, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். மீட்டர் எடுத்தால் இன்னும் தெளிவு. எக்ஸ்சேஞ்ச் லைனில் ரிசீவர் கீழே இருக்கும்போது 48 வோல்ட் நிற்கும். எடுத்தால் பத்துக்கும் கீழே இறங்கும். பல சின்னப் பெட்டிகளின் எக்ஸ்டென்ஷனில் 24 வோல்ட் அளவில்தான் இருக்கும். மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் ஏ.சி. ஏறும். ஜம்பரைப் பல்லால் சீவுகிற பழக்கம் உள்ளவர்கள் அந்த நேரத்தில் கால் வந்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்.

கேபிள் கலரை ஒப்பிக்கச் சொல்வார். வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பிரவுன், வெள்ளை-கிரே. ஐந்து ஜோடி முடிந்ததும் வெள்ளைக்குப் பதில் சிவப்பு, பிறகு கறுப்பு, பிறகு மஞ்சள். இருபது ஜோடிக் கேபிள் அங்கே முடிகிறது. 'பதினேழாவது ஜோடி' என்றதும் மஞ்சள்-ஆரஞ்சு என்று வாயில் வரவேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைக்குக் க்ரோன் பஞ்சிங் டூலைக் கையில் கொடுக்கமாட்டார், ஏணி பிடிக்கிற வேலைதான்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். ட்ரங்க் என்றால் வயதானவர்களுக்கு ட்ரங்க் கால் ஞாபகம் வரும். புக் செய்துவிட்டு அரை நாள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்களே, அது. எங்கள் வேலையில் ட்ரங்க் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து பெட்டிக்கு வருகிற லைன். பெட்டியோடு வரும் புத்தகத்தில் சி.ஓ. லைன் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. அதே லைன் பெட்டிக்குள் போகாமல் நேராக முதலாளி மேஜைக்குப் போனால் அதற்கு டைரக்ட் லைன் என்று பெயர். பெட்டியிலிருந்து மேஜைக்குப் போவது எக்ஸ்டென்ஷன். பானசோனிக் பெட்டிகளில் மாடல் நம்பரே இதைச் சொல்லிவிடும்: 308 என்றால் மூன்று ட்ரங்க், எட்டு எக்ஸ்டென்ஷன். 616 என்றால் ஆறும் பதினாறும்.

கீ சிஸ்டம் என்று ஒன்று உண்டு, அதையும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்றே சொல்லி விற்றார்கள். கீ போனில் ஒவ்வொரு ட்ரங்குக்கும் ஒரு பட்டன், பட்டனில் ஒரு விளக்கு. எந்த லைனில் ஆள் பேசுகிறார், எது ஹோல்டில் நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்; காலியான லைனை நீங்களே தேர்ந்து அழுத்தவேண்டும், ஜீரோ போடுகிற வேலை இல்லை. நாலு பேர் உள்ள வக்கீல் ஆபீசுக்கு அதைவிட நல்லது இல்லை என்பது என் கட்சி. ஆனால் கீ போன் விலை அதிகம், சாதா போன் மலிவு. அதனால் ஜனங்கள் சாதா போனையே மாட்டினார்கள். லைனைப் பெட்டி தேர்ந்து கொடுத்தது. விளக்கு இல்லாததால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போனது.

தெரியாமல் போனதன் விளைவைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் என்னை அதிகம் அலைக்கழித்தது ட்ரங்க் ஹேங். பேச்சு முடிந்தும் பெட்டி லைனை விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பது.

தி.நகரில், உஸ்மான் ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடை. தீபாவளி நேரம். நாலு ட்ரங்க். போன் செய்தால் பெண் குரலில் வரவேற்று, 'பட்டுப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று சொல்கிற கார்டு புதிதாகப் போட்டிருந்தார்கள். காலையில் எல்லாம் நன்றாக ஓடும். பதினோரு மணிக்கு மேல் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. உள்ளேயிருந்து ஜீரோ போட்டாலும் எங்கேஜ்டு. கடையிலோ யாருமே போனில் இல்லை. பெட்டியின் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் பழையபடி. லைன்மேன் வந்து டி.பி.யில் தொட்டுப் பார்த்து லைன் நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார். பெட்டி விற்றவர்கள் டிபார்ட்மென்டைக் கைகாட்டினார்கள். கடைசியில் முதலாளி, ஸ்விட்சை அணைத்துப் போடுவதற்கென்றே ஒரு பையனை நிற்க வைத்துவிட்டார்.

மாஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னைப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பி, கடை நம்பரைப் போட்டு, வரவேற்புக் குரல் பாதியில் இருக்கும்போதே வைத்துவிடச் சொன்னார். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, டெஸ்ட் போனை லைனில் மாட்டிக் காதில் வைத்துக்கொண்டு, இடது கை வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது பேசாதே என்று கையைக் காட்டினார். வலது கை ஆள்காட்டி விரல் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் என்னிடம் ரிசீவரை நீட்டினார். பிஸி டோன். அந்தப் பக்கம் ஆள் போய் எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் 'ஆள் போய்ட்டான், வை, வை' என்று டோன் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு, திரும்பத் திரும்ப வரவேற்றுக்கொண்டிருந்தது.

"நிமிஷத்துக்கு நாப்பது வருது. புக்குல எத்தன போட்டிருக்கான் பாரு" என்றார்.

புத்தகத்தில் அரை செகண்டு ஒலி, அரை செகண்டு மௌனம். நிமிடத்துக்கு 60. அது அமெரிக்காவின் பிஸி டோன். நம் ஊர் பிஸி டோன் முக்கால் செகண்டு ஒலி, முக்கால் செகண்டு மௌனம். நிமிடத்துக்கு 40. பெட்டி அதற்குத் தெரிந்த தாளம் வருகிறதா என்று காத்திருந்தது. வந்ததோ வேறு தாளம். மனிதன் எடுத்திருந்தால் எந்தத் தாளமானாலும் ஆள் இல்லை என்று புரிந்துகொண்டு வைத்திருப்பான். மெஷின் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே கேட்கும். சில நாடுகளில் எக்ஸ்சேஞ்ச், கூப்பிட்டவர் வைத்ததும் லைன் கரன்ட்டை ஒரு கணம் வெட்டிக் காட்டும், பெட்டி அதைப் பார்த்து விட்டுவிடும். இங்கே அந்த வெட்டு வரவில்லை. டோன் ஒன்றுதான் சாட்சி.

மாஸ்டர் சொல்லச் சொல்ல, புரோகிராமிங் மோடில் போய் ஒலி நேரத்தையும் மௌன நேரத்தையும் நான் மாற்றினேன். மறுபடி பூத்துக்குப் போய் அதேபோல் பாதியில் வைத்தேன். இந்த முறை நாலைந்து பீப்புக்குள் பெட்டியிலிருக்கும் ட்ரங்க் விளக்கு அணைந்துவிட்டது என்று திரும்பி வந்ததும் சொன்னார்கள். அதோடு விடவில்லை அவர். வெளி லைனும் வெளி லைனும் சேர்ந்தால் அதற்கு ஒரு நேர வரம்பு வைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் வெளியாள் என்றால், இரண்டு பேரும் வைத்துவிட்டபின் உள்ளே கேட்க ஒரு மனிதக் காது இல்லை. அப்படி ராத்திரி முழுக்க எஸ்.டி.டி. ஓடி, மறு மாதம் பில்லைப் பார்த்து டிபார்ட்மென்டைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். வெளியே போகிற கால்களுக்கு எக்ஸ்சேஞ்சில் கேட்டால் போலாரிட்டி ரிவர்சல் கொடுப்பார்கள். எதிராளி எடுத்ததும் லைனின் பிளஸ் மைனஸ் மாறும், முடிந்ததும் திரும்பும். எஸ்.டி.டி. பூத் மீட்டர் ஓடியதற்கும் நின்றதற்கும் அந்த மாற்றம் பயன்பட்டது. கணக்குச் சுத்தமாக வேண்டும் என்கிற ஆபீஸ்களுக்கு அதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஜவுளிக் கடைப் பழுதில் கெட்டுப்போன சாமான் ஒன்றுகூட இல்லை. வயர் சரி, கார்டு சரி, லைன் சரி. டோன் கொடுக்கிறவன் ஒரு பாஷையும் வாங்குகிறவன் வேறு பாஷையும் பேசினார்கள். இந்த மாதிரிப் பழுதை 'மாத்திப் பாக்கறேன்' என்று ஒவ்வொரு பாகமாக மாற்றுகிறவன் ஆயுசுக்கும் கண்டுபிடிக்கமாட்டான். இப்போது எங்கே பார்த்தாலும் மாற்றித்தான் பார்க்கிறார்கள்.

ஹன்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஆபீசுக்கு நாலு லைன் இருந்தாலும் போர்டில் எழுதுவது ஒரே நம்பர். அது பிஸியாக இருந்தால் எக்ஸ்சேஞ்சே அடுத்த லைனுக்குத் தள்ளும். ஆக உள்ளே வருகிற கால் முதல் லைனிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும். அப்படியானால் வெளியே போகிற கால் கடைசி லைனிலிருந்து எடுக்கவேண்டும். இதைப் புரோகிராம் செய்யாமல் விட்டால், நீங்கள் ஜீரோ போட்டு எடுக்கிற லைனில் அதே கணம் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருப்பார். டோனுக்குப் பதில் முன்பின் தெரியாத குரல் "ஹலோ" என்னும். இரண்டு நிமிட வேலை. நான் போய்ப் பார்த்த பெட்டிகளில் இதைச் செய்தவை மிகக் குறைவு.

எத்தனை ட்ரங்க் வேண்டும் என்பதற்கும் கண் மதிப்பு போதாது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1917இலேயே இதற்குக் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் 40 கால், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்றால் மொத்தம் 120 நிமிடப் பேச்சு. சராசரியாக எப்போதும் இரண்டு லைன் ஓடுகிறது. 'அப்போ இரண்டு லைன் போதுமே' என்பார் முதலாளி. இரண்டு லைன் வைத்தால் நூற்றுக்கு 40 பேர் எங்கேஜ்டு கேட்பார்கள். மூன்று வைத்தால் 21 பேர். நாலு வைத்தால் பத்துப் பேருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து வைத்தால் நாலு பேருக்கும் குறைவு. ஆறுக்கு ஒருவர்தான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டி ஐந்து லைன் வாங்க வைத்த கிளினிக் ஒன்று அடையாற்றில் இருக்கிறது. அவர்களிடமிருந்து 'லைனே கிடைக்கல' என்ற புகார் வந்ததே இல்லை.

அதே கிளினிக்கில் பவர் ஃபெயில் ட்ரான்ஸ்ஃபரும் போட்டிருந்தேன். கரன்ட் போய் யூ.பி.எஸ்.ஸும் தீர்ந்தால் பெட்டி உயிரை விடும். விடும்போதே உள்ளே ஒரு ரிலே விழுந்து முதல் ட்ரங்கை ரிசப்ஷன் போனோடு நேரே சேர்த்துவிடும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் அந்த ஒரு போன் ஓடும். அதற்கு அந்த எக்ஸ்டென்ஷனைச் சரியான போர்ட்டில் முதலிலேயே கட்டியிருக்கவேண்டும், அவ்வளவுதான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு எத்தனையோ தெருக்களில் நாள்கணக்காகக் கரன்ட் இல்லை. கிளினிக் ரிசப்ஷனில் டோன் இருந்தது. டாக்டரம்மா எனக்கு அதே போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பட்டம் அது.

கடலோரத்துக்கு என்று தனிப் பாடம் இருக்கிறது. பெசன்ட் நகரில் மொட்டை மாடிப் பக்கம் ஒரு டி.பி. பாக்ஸைத் திறந்து பாருங்கள். திருகாணித் தலை பூத்துப்போய் ஸ்க்ரூ டிரைவர் நிற்காது. செம்புக் கம்பியின் நுனியில் பச்சைப் பொடி. க்ரோன் பல்லில் வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கும். மழைக்கு முதல் நாள் எல்லாம் சரியாக இருக்கும். மழை பெய்ததும் லைனில் கரகரவென்று சத்தம், ரிசீவரை எடுக்காமலே எடுத்த மாதிரி எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். ஈரத்தில் இரண்டு கம்பிக்கும் நடுவே கரன்ட் ஒழுகுவதுதான் காரணம். இங்கே பெட்டியை வெளிச் சுவரில் மாட்டக்கூடாது, கேபிள் கீழிருந்துதான் பாக்ஸுக்குள் ஏறவேண்டும், எர்த் பிட் தனியாக வெட்டவேண்டும். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி, மீட்டரில் ஐந்து ஓமுக்கு மேல் காட்டினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எர்த் இல்லாத பெட்டியில் இடி லைன் வழியாக வந்தால் ட்ரங்க் கார்டு கருகும். வீடு கட்ட லட்சம் லட்சமாகச் செலவழிப்பவர்கள் எர்த் பிட்டுக்குப் பேரம் பேசுவார்கள்.

இனி இன்றைய பிள்ளைகளுக்கு. நீங்கள் ஒரே லேன் கேபிளில் எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறீர்கள், நல்லது. ஆனால் உங்கள் திரையில் இருக்கிற பெயர்களைப் பாருங்கள்: எஸ்.ஐ.பி. ட்ரங்க், எக்ஸ்டென்ஷன், ஹன்ட் குரூப், கால் பிக்-அப், ட்ரான்ஸ்ஃபர். எல்லாம் எங்கள் பெட்டியிலிருந்து வந்தவை. 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுத ஆரம்பித்த ஆஸ்டரிஸ்க் சாஃப்ட்வேரும் இந்தப் பெயர்களை வைத்துத்தான் வேலை செய்கிறது. பழைய லைனை உங்கள் புதுப் பெட்டியோடு சேர்க்கிற கேட்வேயில் எஃப்.எக்ஸ்.எஸ்., எஃப்.எக்ஸ்.ஓ. என்று இரண்டு வகை போர்ட் இருக்கும். எஃப்.எக்ஸ்.எஸ். டோன் கொடுக்கும், அதில் போனை மாட்டவேண்டும். எஃப்.எக்ஸ்.ஓ. டோன் வாங்கும், அதில் எக்ஸ்சேஞ்ச் லைனை மாட்டவேண்டும். இரண்டும் ஒரே ஆர்.ஜே.11 சாக்கெட் என்பதால் மாற்றிச் செருகிவிட்டு 'கேட்வே டெட்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் லைனை, டோன் கொடுக்கிற எஃப்.எக்ஸ்.எஸ். போர்ட்டில் செருகினால், முதல் கால் வரும்போது அந்த 75 வோல்ட் உள்ளே போய் நிஜமாகவே டெட் ஆகிவிடலாம். மாஸ்டரின் கேள்வியைக் கேட்டிருந்தால் இது நடக்குமா?

டிசா என்று ஒரு வசதி உண்டு. வெளியிலிருந்து கூப்பிட்டு, பாஸ்வேர்டு போட்டு, ஆபீஸ் ட்ரங்க் வழியாகவே வேறு ஊருக்குப் பேசலாம். கம்பெனியிலிருந்து வந்த 1234ஐ மாற்றாமல் விட்டால் ஊரார் உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். அன்றும் பேசினார்கள், இன்று கம்ப்யூட்டர் வைத்து வேகமாகப் பேசுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றாமல் கூலி வாங்கிக்கொண்டு போகிறவனை டெக்னீஷியன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பெயர் தெரியாதவனை எங்கள் குப்பத்தில் கட்டுமரத்தில் ஏற்றமாட்டார்கள். கச்சானா, வாடையா, கொண்டலா என்று கேட்டால் சின்னப் பையனும் சொல்லவேண்டும். பெயர் தெரிந்தால்தான் வலை போகும் திசை தெரியும். அந்த வழக்கம் உள்ள வீட்டில் பிறந்ததால்தான் மாஸ்டரின் கண்டிப்பு எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் குப்பம் என்று சொன்னால் முகம் மாறுகிற ஆபீஸ்களையும் பார்த்தேன். ஓரிடத்தில், எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, பதில் சொன்னதும் வெளியே போகும்போது பையைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். உள்ளே டெஸ்ட் போன், க்ரோன் டூல், மீட்டர், ஜம்பர் சுருள். அவர்கள் நிறுவனத்தின் எல்லாப் பேச்சும் என் கை வழியாகத்தான் போனது. நான் நினைத்திருந்தால் எந்தப் பேச்சையும் டெஸ்ட் போனில் கேட்டிருக்கலாம். ஒரு நாளும் கேட்டதில்லை. லைனில் ஆள் பேசினால் உடனே கழற்று என்பதும் மாஸ்டர் பாடம். 2015இல் எங்கள் குப்பத்தில் கலை விழா ஆரம்பித்தபோது நகரத்திலிருந்து பலர் முதல்தடவையாக எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். அவர்களில் சிலரின் ஆபீசுக்கு நான் அதற்கு முன்பே டோன் கொடுத்திருந்தேன்.

இதைப் படிக்கிற ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டி பழையதோ புதியதோ, அதன் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். எந்த ட்ரங்க் எந்த நம்பர், எந்த எக்ஸ்டென்ஷன் எந்த மேஜை, எந்த ஜோடி எந்தக் கலர், கரன்ட் போனால் எந்த போன் ஓடும் என்று ஒரு சார்ட் ஒட்டியிருக்கவேண்டும். நான் போட்ட ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருக்கிறது, பால்பாயின்ட் பேனாவில், தேதியோடு. இன்டர்நெட் போன் என்றால் மூடி இருக்காது. அதே சார்ட்டைக் காகிதத்தில் எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள், பாஸ்வேர்டை மாற்றியாயிற்று என்று ஒரு வரியும் சேர்த்து. போட்டவர் எழுதித் தரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.